ரி க ச நி: ஒரு பியானோக்காரரின் ஊருக்கு ஐந்து நாள்

மே 14, 2015, வியாழன், மான்செஸ்டர்

அக்கா வீட்டு அடுப்படியில் வத்தக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கூடத்தில் நான் ஃபோனை ஸ்பீக்கரில் மாட்டி ஒரு பியானோ இசையை ஓடவிட்டேன். நாலே நாலு ஸ்வரம், திரும்பத் திரும்ப. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, அக்கா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

"என்னடா இது, ரி க ச நின்னு பிடிச்ச பிடியை விடாம? கீரவாணியா, கௌரிமனோகரியா?"

"நீயே சொல்லு."

"தைவதம் வந்தால்தானே சொல்ல முடியும்" என்று உள்ளே போய்விட்டாள். பதினோரு வருஷம் பாட்டு கற்றுக்கொண்டவள். சமையலுக்கு நடுவிலும் காது வேலை செய்கிறது.

அவள் சொன்னது சரிதான். சியை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால், அதாவது நம் ஆட்கள் சொல்கிற ஒரு கட்டை சுருதியில், டி என்பது சதுஸ்ருதி ரிஷபம். ஜெர்மன்காரர்கள் ஈ-ஃபிளாட்டை 'எஸ்' என்பார்கள், அது சாதாரண காந்தாரம். சி நம் ஸா. ஜெர்மன் வழக்கில் பி-நாச்சுரலுக்கு 'ஹெச்' என்று பெயர், அது கீழே இருக்கும் காகலி நிஷாதம். டி, எஸ், சி, ஹெச். சேர்த்துப் படித்தால் திமித்ரி ஷோஸ்தகோவிச் என்ற ரஷ்ய இசையமைப்பாளரின் பெயரை ஜெர்மன் முறையில் எழுதும்போது வருகிற முதல் எழுத்துகள். அவர் தன் பத்தாவது சிம்பொனியிலும் நாலு தந்தி வாத்தியங்களுக்கான எட்டாவது குவார்ட்டெட்டிலும் இதைத் தன் கையெழுத்தாகவே போட்டிருக்கிறார். தீட்சிதர் கிருதிகளில் 'குருகுஹ' வருவதைப் போல ஒரு முத்திரை.

ஆனால் நான் போட்ட படைப்பு ஷோஸ்தகோவிச் எழுதியதல்ல. ரொனால்ட் ஸ்டீவன்சன் என்ற பிரிட்டிஷ்காரர் எழுதியது. அடுத்தவர் முத்திரையை எடுத்து, அதை விடாமல் சொல்லிச் சொல்லி, சுமார் 80 நிமிடம் ஒரே மூச்சாக நீளும் பாசக்காலியா ஒன்றை, அதாவது அடியில் ஒரே மெட்டு திரும்பத் திரும்ப ஓட மேலே எல்லாம் மாறிக்கொண்டே இருக்கும் வடிவத்தை, ஒற்றைப் பியானோவுக்கு எழுதிவிட்டார். 1960 டிசம்பரில் தொடங்கி 1962 மே மாதம் முடித்தார். ஊரில் எங்கள் பாட்டி நோட்டு நோட்டாக ஸ்ரீராமஜெயம் எழுதுவாள். எனக்கு இந்தப் படைப்பைக் கேட்கும்போதெல்லாம் அந்த நோட்டுகள்தான் ஞாபகம் வரும். பாட்டியும் தன் பெயரை எந்தப் பக்கத்திலும் எழுதியதில்லை.

ஸ்டீவன்சன் கடந்த மார்ச் 28ஆம் தேதி, தன் 87ஆவது வயதில் காலமானார். எனக்குத் தெரிய வந்தது ஏப்ரல் கடைசியில். அக்காவைப் பார்க்க டிக்கெட் ஏற்கெனவே போட்டாயிற்று. சரி, இவ்வளவு தூரம் போகிறோம், அவர் பிறந்த ஊரையும் வாழ்ந்த ஊரையும் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று தோன்றியது.

எனக்கு அவரை அறிமுகப்படுத்தியவர் பெரம்பூரில் இருந்த பியானோ மிஸ். ட்ரினிட்டி கிரேடு பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்த ஆங்கிலோ இந்திய அம்மா. ஸ்கேல் ஒழுங்காக வாசித்தால் பரிசாக ஒரு கேசட் போடுவார். ஜான் ஆக்டன் வாசித்த இந்தப் பாசக்காலியாவை யாரோ வெளிநாட்டிலிருந்து பதிவு செய்து கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். 90 நிமிடக் கேசட். நடுவில் பக்கம் மாற்ற வேண்டும். அதனால் இன்றைக்கும் அந்தப் படைப்பின் பாதியில் ஒரு 'டக்' சத்தம் எனக்குக் கேட்கும். சிடியில் கேட்டால் அது இல்லாதது ஒரு குறையாகவே இருக்கிறது.

மான்செஸ்டரில் இன்று அதிகம் சுற்றவில்லை. ஆக்ஸ்ஃபர்டு ரோடு பக்கம் போய் ராயல் நார்தர்ன் இசைக் கல்லூரியை வெளியிலிருந்து பார்த்தேன். 1945இல் ஸ்டீவன்சன் பதினேழு வயதில் சேர்ந்தது இதன் முன்னோடியான ராயல் மான்செஸ்டர் கல்லூரியில். அது 1893இல் தொடங்கியது, 1973இல் இன்னொரு கல்லூரியோடு இணைந்து இப்போதைய பெயருக்கு மாறியது. ஆக்டனும் அங்கே படித்தவர்தான். கட்டடத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, கான்கிரீட். ஆனால் ஒரு பையன் தன்னைவிடப் பெரிய டபுள் பேஸ் பெட்டியைச் சக்கரம் மாட்டித் தள்ளிக்கொண்டு போனான். மழையில் அதற்குத்தான் குடை பிடித்திருந்தான், தனக்கு அல்ல.

மே 15, வெள்ளி, பிளாக்பர்ன்

மான்செஸ்டரிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். அத்தான், "பிளாக்பர்ன்ல பார்க்க என்ன இருக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

1928 மார்ச் 6ஆம் தேதி ஸ்டீவன்சன் இங்கே பிறந்தார். தொழிலாளர் குடும்பம். அப்பா ஸ்காட்லாந்து வம்சாவளி, நன்றாகப் பாடுவார். சின்னப் பையன் பியானோவில் அப்பாவின் பாட்டுக்குக் கூடவே வாசித்துத்தான் வளர்ந்தான். பின்னாளில் ஸ்டீவன்சனின் பியானோவில் எல்லோரும் கவனித்தது அந்தப் பாட்டுக் குணம்தான். பியானோ என்பது சுத்தியலால் தந்தியை அடிக்கிற கருவி. அடித்த கணத்திலிருந்து சத்தம் தேய ஆரம்பித்துவிடும். வீணையிலாவது இழுக்கலாம், கமகம் கொடுக்கலாம், இதில் அதற்கும் வழியில்லை. அதைப் பாட வைப்பது விரல் அழுத்தமும் பெடலும் சேர்ந்து செய்கிற ஒரு ஏமாற்று வேலை. குரலின் கலையைப் பியானோவுக்குக் கொண்டுவருவது என்று அர்த்தம் வருகிற தலைப்பில் அவர் ஒரு தொகுப்பே எழுதியிருக்கிறார். விக்டோரியா காலத்துப் பாட்டுகளைப் பியானோவுக்கு மாற்றியவை அவை.

ஊர் பருத்தி ஆலைகளால் பெருத்து, பிறகு இளைத்த ஊர். ஸ்பின்னிங் ஜென்னியைச் செய்த ஜேம்ஸ் ஹார்க்ரீவ்ஸ் இந்தப் பக்கத்துக்காரர். நம் ஊர் நெசவுக்கும் இந்தப் பக்கத்து ஆலைகளுக்கும் உள்ள பழைய கணக்கு எல்லோருக்கும் தெரியும். 1931 செப்டம்பரில் வட்டமேசை மாநாட்டுக்கு வந்த காந்தி, அந்நியத் துணி பகிஷ்காரத்தால் வேலை இழந்த தொழிலாளர்களை நேரில் பார்க்க வேண்டும் என்று பக்கத்து ஊரான டார்வெனுக்கு வந்து தங்கினார். ஆலைப் பெண்கள் அவரைச் சூழ்ந்து கையைத் தூக்கி ஆரவாரம் செய்கிற அந்தப் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஸ்டீவன்சனுக்கு அப்போது மூன்று வயது. இதை வைத்து ஒரு முடிச்சுப் போட எனக்கு ஆசைதான், ஆனால் போட மாட்டேன். மூன்று வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும்?

இருந்தாலும் ஒன்று உண்மை. அவர் பெரியவனானதும் கட்டாய ராணுவச் சேவைக்கு அழைத்தார்கள். கொல்வதற்குப் பயிற்சி எடுக்க மாட்டேன் என்று மறுத்துவிட்டார். போர் முடிந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. ஆனாலும் சட்டம் சட்டம்தான். சிறைக்கு அனுப்பினார்கள். கல்லூரி முடித்த கையோடு விரல்கள் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வயதில், பியானோ இல்லாத அறையில் ஒரு பியானோக்காரன். கச்சேரி மேடைகளில் அவர் பெயர் பெரிதாக வராமல் போனதற்கு அது ஒரு காரணமா, இல்லை அவர் சுபாவமே அப்படியா, தெரியாது. வெளியே வந்த பிறகும் மனிதர் மாறவில்லை. கடைசிவரை போர் எதிர்ப்பாளர்.

கதீட்ரலைச் சுற்றி ஒரு நடை போனேன். கதலீன் ஃபெரியர் என்ற மகத்தான பாடகியும் சிறுமியாக இங்கே வளர்ந்தவர்தான். சந்தையில் ஒரு குஜராத்தி அம்மாவிடம் சமோசா வாங்கினேன். ஒரு பவுண்டுக்கு இரண்டு. மான்செஸ்டருக்குத் திரும்பும் ரயிலில் இரண்டையும் தின்று முடித்துவிட்டு, வீட்டில் பசியில்லை என்று சொல்லி அக்காவிடம் திட்டு வாங்கினேன்.

மே 16, சனி, எடின்பரோ

வடக்கே போகும் ரயில். மூன்றேகால் மணி நேரம். கார்லைல் தாண்டியதும் மலைகள் உருண்டை உருண்டையாக வந்தன, மரமில்லாமல், ஆட்டுக்குட்டிகளோடு. போன வாரம்தான் இங்கே பொதுத் தேர்தல். ஸ்காட்லாந்தின் 59 தொகுதிகளில் 56ஐ ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி வாரிக்கொண்டு போய்விட்டது. ஜன்னல்களில் மஞ்சள் போஸ்டர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மாநிலக் கட்சி அரசியல் நமக்குப் புதுசா என்ன, பார்த்ததும் சொந்த ஊர் போலிருந்தது.

வேவர்லி ஸ்டேஷனிலிருந்து மேலே ஏறினால் ராயல் மைல். ஏறி முடிப்பதற்குள் பேக்பைப் சத்தம் வந்துவிட்டது. குட்டைப் பாவாடை கட்டிய ஒருவர் சுற்றுலாக்காரர்களுக்காக வாசித்துக்கொண்டிருந்தார். எல்லோரும் ஃபோட்டோ எடுத்துக்கொண்டு நகர, நான் பக்கத்தில் ஒரு படியில் உட்கார்ந்துவிட்டேன். இந்த வாத்தியத்தைக் கேலி செய்கிறவர்கள் நாகஸ்வரத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதில்லை என்று அர்த்தம். இரண்டும் வெளி வாத்தியம், தெருவுக்கானது, ஊர்வலத்துக்கானது. நாகஸ்வரத்துக்கு ஒத்து போல இதற்குத் தோளில் மூன்று குழல்கள் விடாமல் சுருதி பிடித்துக்கொண்டிருக்கின்றன. விரல் வைக்கும் குழலில் ஒன்பதே ஸ்வரம்.

சுற்றுலாக்காரர்கள் கேட்பது துள்ளல் மெட்டுகள். பைப்பின் பெரிய இசைக்குப் பிப்ரோக் என்று பெயர். முதலில் ஊர்லார் என்ற அடிப்படை மெட்டை நிதானமாக வாசிப்பார்கள். ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் அந்தச் சொல்லுக்கு 'தரை' என்று பொருள். பிறகு அதே மெட்டைச் சுற்றிச் சுற்றி அலங்காரம் கூடும், விரல் வேகம் கூடும், மெட்டே தெரியாத அளவு அணிகள் வந்து விழும். எல்லாம் முடிந்து கடைசியில் ஊர்லார் ஒன்றுமே நடக்காதது போல் திரும்பி வரும். 17ஆம் நூற்றாண்டில் பாட்ரிக் மோர் மக்ரிமன் என்பவர் இயற்றிய 'குழந்தைகளுக்கான ஒப்பாரி' என்ற பிப்ரோக் இதில் சிகரம். எட்டு மகன்களில் ஏழு பேரைப் பறிகொடுத்தவர் என்று மரபு சொல்கிறது. ஸ்டீவன்சன் தன் பாசக்காலியாவுக்குள் அந்த ஒப்பாரியைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். கீழே ஷோஸ்தகோவிச்சின் பெயர் தரையாக ஓட, மேலே மக்ரிமனின் அழுகை.

மிஸ் வீட்டுக் கேசட்டில் கேட்டபோது இதெல்லாம் எனக்குத் தெரியாது. அந்த இடம் வரும்போது அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்வார், அது மட்டும் தெரியும்.

பிறகு அஷர் ஹால். 1914இல் திறந்த வட்டமான மண்டபம். கட்டக் காசு கொடுத்தவர் ஆண்ட்ரூ அஷர், விஸ்கி வியாபாரி. ஒரு லட்சம் பவுண்டு. சாராயக் காசில் சங்கீத சபா என்றால் நம் ஊரில் மூக்கைச் சுளிப்பார்கள், பிறகு முதல் வரிசை பாஸ் கேட்பார்கள்.

1962 எடின்பரோ விழாவுக்கு ஷோஸ்தகோவிச் நேரில் வந்திருந்தார். அவர் இசையைக் குவித்து வைத்து நடத்திய விழா அது. 1936இல் ஸ்டாலின் ஆட்சிக்குப் பயந்து உள்ளே வைத்துவிட்ட நான்காவது சிம்பொனி, 25 வருஷம் கழித்து மாஸ்கோவில் வெளிவந்து, மறு வருஷமே இங்கே ஒலித்தது. அந்தச் சமயத்தில்தான் ஸ்டீவன்சன் தன் கையால் எழுதிய பாசக்காலியாவை அவரிடம் கொடுத்தார். கூடவே இருந்து பேசியவர் கவிஞர் ஹ்யூ மக்டியர்மிட். பனிப்போர் உச்சத்தில் இருந்த வருஷம், அடுத்த மாதம் கியூபா நெருக்கடி. அணுகுண்டுகளை ஒருவர் மேல் ஒருவர் குறிபார்த்துக்கொண்டிருந்த இரண்டு பக்கங்களுக்கு நடுவே ஒரு பள்ளிக்கூடத்து மியூசிக் வாத்தியார், உங்கள் பெயரை எண்பது நிமிடம் எழுதியிருக்கிறேன், வைத்துக்கொள்ளுங்கள் என்று நீட்டுகிறார். வாத்தியார் என்றுதான் சொல்ல வேண்டும், அவர் அதற்கு முன் இதே ஊரில் ப்ராட்டன் பள்ளியில் இசை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். சிறு வயதில் மக்டியர்மிட் படித்ததும் அதே ப்ராட்டனில் என்பது தனிக் கதை.

ஹாஸ்டலில் மேல் படுக்கை கிடைத்திருக்கிறது. கீழே இருப்பவர் குறட்டை, சரியான ஆதி தாளம்.

மே 17, ஞாயிறு, வெஸ்ட் லிண்டன்

முதலில் என் புத்திசாலித்தனம். பஸ் நேரத்தை நேற்றே எழுதி வைத்துக்கொண்டேன். சனிக்கிழமைக்கான நேரத்தை. ஞாயிற்றுக்கிழமை இந்த ஊரில் பஸ் என்பது ஒரு நம்பிக்கை மட்டுமே என்பது ஸ்டாப்பில் நின்ற பிறகுதான் உறைத்தது. ஒன்றரை மணி நேரம். ஃபோனில் பாசக்காலியாவைப் போட்டேன். எண்பது நிமிடம், முழுசாக முடிந்தும் பஸ் வரவில்லை.

அந்த ஸ்டாப்பில் நின்று கேட்டதால் சொல்கிறேன், இது ஒரு பெரிய வீடு மாதிரி. ஒவ்வொரு அறைக்கும் ஒரு பெயர். 'அமைதி, ரொட்டி, நிலம்' என்று 1917 ரஷ்யப் புரட்சியின் கோஷத்தின் மேல் ஓர் அறை. ஸ்பானிய நடனத்துக்கு ஓர் அறை. எழுந்து வரும் ஆப்பிரிக்காவுக்கு என்று ஓர் இடம், அங்கே வாசிப்பவர் பியானோவின் வயிற்றுக்குள் கையை விட்டுத் தந்திகளையே பறை போல் அடிக்க வேண்டும். 1961 ஏப்ரலில் யூரி ககாரின் விண்வெளிக்குப் போனபோது ஸ்டீவன்சன் பாதி எழுதியிருந்தார். உடனே ஓர் இடத்தில், ககாரினுக்குக் கிடைத்தது போன்ற வெளி உணர்வோடு வாசிக்கவும் என்று இத்தாலிய மொழியில் குறிப்பு எழுதிவிட்டார். செய்தித்தாளைப் படித்துவிட்டு வந்து பியானோ முன் உட்கார்ந்திருக்கிறார் மனிதர். எனக்கு இந்தக் குறிப்பு மேல் தனிப் பிரியம். விளம்பகாலம், துரிதகாலம் என்று எழுதும் இடத்தில் ககாரின்!

கடைசிப் பகுதியில் மூன்று கருப்பொருள்களை வைத்து ஒரு ஃபியூக். ஒரு குரல் தொடங்க, அதையே இன்னொரு குரல் வேறு இடத்தில் பிடிக்க, எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக ஓடும் வடிவம் அது. அடியில் நம் ரி க ச நி விடாமல் ஓடும். மேலே முதல் கருப்பொருள் நீளமான ஒரு மெட்டு. இரண்டாவது ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் பெயர், பி, ஏ, சி, ஹெச். ஜெர்மன் வழக்கில் வெறும் பி என்றால் பி-ஃபிளாட். இதை அக்காவிடம் பாடிக் காட்டினால் அடிக்க வருவாள், இரண்டு நிஷாதமும் ஒரே பிடியில் வந்து நிற்கும், நடுவில் தைவதமும் ஸாவும். மூன்றாவது 'டியஸ் ஈரே' என்ற பழைய லத்தீன் சாவுப் பாட்டு. நாஜிகள் கொன்ற அறுபது லட்சம் யூதர்களின் நினைவுக்கு அந்த இடத்தை எழுதி வைத்திருக்கிறார். ஒருவருடைய முத்திரையில் தொடங்கி இத்தனை பேரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாயிற்று. வீட்டுக்காரர் பெயர்ப்பலகை மட்டும் வாசலில் இல்லை.

குறையும் சொல்லிவிடுகிறேன். எல்லா அறையும் ஒரே அளவு நன்றாக இல்லை. நடுவில் சில நடனங்களைச் சுருக்கியிருக்கலாம் என்று இன்றைக்கும் நினைத்தேன். ஸ்டாப்பில் குளிர் அதிகம் என்பதாலும் இருக்கலாம்.

பஸ் வந்தது. பெந்த்லாந்து மலைகள் கூடவே வந்தன, சரிவெல்லாம் மஞ்சள் கோர்ஸ் பூ. எடின்பரோவிலிருந்து தென்மேற்கே ஒரு மணி நேரம்கூட இல்லை. வெஸ்ட் லிண்டன் சின்ன ஊர். குறுகலான ஒரே பெரிய தெரு, பக்கத்தில் லைன் என்ற சின்ன ஆறு. 17ஆம் நூற்றாண்டில் கல் தச்சர்களுக்குப் பேர்போன இடம். ஜூன் மாதம் விப்மன் திருவிழா வருகிறது. 1803இல் வண்டிக்காரர்கள் தங்களுக்குள் உதவிக்கொள்ள ஆரம்பித்த சங்கத்திலிருந்து வந்த விழா. குதிரையில் ஊர்வலம் போவார்களாம்.

ஸ்டீவன்சன் ஐம்பது வருஷத்துக்கும் மேல் இங்கேதான் இருந்தார். நடுவில் இரண்டு வருஷம் கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். பாசக்காலியாவை மேடையில் முதலில் வாசித்ததும் அங்கேதான், 1963 டிசம்பர் 10. பிரிட்டனில் முதலில் வாசித்தவர் ஜான் ஆக்டன், 1966 ஆல்ட்பரோ விழாவில். 1985இல் ஷாங்காய்க்குப் போய்ச் சொல்லிக்கொடுத்தார். மற்றபடி வீடு, புத்தகம், பியானோ, கடிதம். கடிதம் எழுதுவதில் பைத்தியம். புசோனி என்ற பழைய பியானோ மேதையின் மேல் பக்தி, அவர் 1924இலேயே போய்விட்டதால் அவருடைய மனைவி கெர்டாவுக்குக் கடிதம். இசையமைப்பாளர் பெர்சி கிரெய்ஞ்சருக்கு அவர் சாகும்வரை கடிதம். தன் மகளுக்கும் கெர்டா என்று பெயர், அவர் நடிகையாகவும் எழுத்தாளராகவும் ஆனார். இன்னொரு மகள் ஸவோர்னா, ஹார்ப் வாசிப்பவர்.

வீடு எது என்று எனக்குத் தெரிந்திருந்தது. தெருவில் இருமுறை அதைக் கடந்து நடந்தேன். நிற்கவில்லை. மனிதர் போய் ஐம்பது நாள்தான் ஆகிறது. நம் ஊரில் வருஷாப்தி வரைக்கும் வீட்டுக்கு வந்து போகிறவர்கள் உண்டு, வாசலில் செருப்பு குவியும், தெரியாதவர்களும் வந்து உட்கார்ந்து ஒரு வாய்க் காபி குடித்துவிட்டுப் போகலாம். இங்கே அந்தச் சம்பிரதாயம் இல்லை. மெட்ராஸிலிருந்து வந்த ஒரு ஆள் கதவைத் தட்டி 'உங்கள் வீட்டுக்காரர் இசையை பெரம்பூரில் கேசட்டில் கேட்டேன்' என்று சொன்னால் அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது. இருந்தாலும் கை எழவில்லை. ஃபோட்டோவும் எடுக்கவில்லை. கேமராவை எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே வைத்தேன்.

ஆற்றுப் பக்கம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, கொண்டு வந்த எலுமிச்சைச் சாதத்தைச் சாப்பிட்டேன். நாயோடு வந்த ஒரு வயதான அம்மா மஞ்சள் சாதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நடைப்பயணமா?" என்று கேட்டார். இங்கே வெளியாள் வந்தால் மலை ஏறத்தான் வருவார்கள் போல. பியானோ வாசித்தவரைப் பற்றி நினைத்துக்கொண்டு வந்தேன் என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். நாய் என் டப்பாவை முகர்ந்தது. பிறகு அந்த அம்மா, "நீங்கள் வாசிப்பீர்களா?" என்றார். கிரேடு ஆறோடு விட்டுவிட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

திரும்பும் பஸ்ஸைச் சரியாகப் பிடித்தேன். ராத்திரி ஒன்பது மணிக்கும் வெளிச்சம் போகவில்லை.

மே 18, திங்கள், கேண்டி மில்

இன்று கொஞ்சமாக எழுதுகிறேன், கால் வலி.

அதே சாலையில், வெஸ்ட் லிண்டனைத் தாண்டி பத்து மைல் போல. பிகர் ஊருக்குச் சற்று முன்னால் கேண்டி மில். டிரைவர் சாலை ஓரம் இறக்கிவிட்டார். பண்ணைப் பாதையில் ஏறினால் பிரவுன்ஸ்பேங்க், தாழ்ந்த கூரையோடு இரண்டே அறைக் குடிசை. 1951 முதல் 1978இல் இறக்கும்வரை மக்டியர்மிட் மனைவியோடு வாழ்ந்த இடம். வந்த புதிதில் கரண்டும் இல்லை, குழாய்த் தண்ணீரும் இல்லை. கம்யூனிஸ்ட் என்று தேசியவாதிகள் இவரை வெளியே தள்ளினார்கள், தேசியவாதி என்று கம்யூனிஸ்ட்டுகள் வெளியே தள்ளினார்கள். 1956இல் சோவியத் படை ஹங்கேரிக்குள் புகுந்த பிறகு எல்லோரும் கம்யூனிஸ்ட் கட்சியை விட்டு ஓடிக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்துத் திரும்பப் போய்ச் சேர்ந்தார். இப்படிப்பட்ட பிடிவாதக்காரர் பக்கத்தில் இருந்தால் யாருக்கும் நட்பாவது கஷ்டம். ஸ்டீவன்சனுக்கு அவர்தான் உயிர் நண்பர். அவர் கவிதைகள் நிறையவற்றுக்கு மெட்டுப் போட்டார்.

கதவு பூட்டியிருந்தது. ஜன்னலில் மூக்கை வைத்துப் பார்த்தேன், என் மூக்குதான் தெரிந்தது.

இந்த நட்பிலிருந்து வந்த பெரிய வேலை 'பென் டோரைன்'. டங்கன் பான் மக்கின்டயர் என்ற 18ஆம் நூற்றாண்டுக் கேலிக் கவிஞர், எழுதப் படிக்கத் தெரியாத வனக் காவலர், ஒரு மலையையும் அதில் மேயும் மான்களையும் பற்றி நீளமாகப் பாடி வைத்தார். பாட்டின் கட்டமைப்பே பிப்ரோக், தரை மெட்டு, அலங்காரம், திரும்பவும் தரை. அதை மக்டியர்மிட் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். ஸ்டீவன்சன் 1960களில் அதைப் பாடகர் குழுவுக்கும் ஆர்க்கெஸ்ட்ராவுக்குமாக எழுத ஆரம்பித்து, 2007இல்தான் முடித்தார். 2008 ஜனவரியில் கிளாஸ்கோவில் அரங்கேறியபோது அவருக்கு எண்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. மக்டியர்மிட் போய் முப்பது வருஷம். பாசக்காலியாவை ஒன்றரை வருஷத்தில் எழுதியவர், இதற்கு நாற்பது வருஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார். அதிலும் பார்த்தால் மலை யாருடையதோ, கவிதை யாருடையதோ, மொழிபெயர்ப்பு யாருடையதோ.

பஸ்ஸுக்கு நாற்பது நிமிடம் இருந்தது. வேலி ஓரம் உட்கார்ந்து, ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவற்றின் சத்தம் ஒரே ஸ்வரம். சுருதி சுத்தம் என்று சொல்ல முடியாது.

அதே நாள், இரவு, மான்செஸ்டர்

நேற்றே ஃபோனில் அக்கா மகளுக்கு இந்தப் பெயர் விளையாட்டைச் சொல்லியிருந்தேன். ஏ முதல் ஜி வரை எழுத்துக்கு ஒரு ஸ்வரம், கூட ஜெர்மன்காரர்கள் தயவில் எஸ்ஸும் ஹெச்சும். நான் வந்து ஷூவைக் கழற்றும்போதே ஒரு தாளில் வகுப்புத் தோழிகள் எல்லோர் பெயரையும் எழுதி, வாசிக்க முடிகிற எழுத்துகளுக்குச் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்திருந்தாள். வீட்டுக் கீபோர்டில் ஒவ்வொருவராக வாசித்துக் காட்டினாள். ஒரு தோழிக்கு ஐந்து ஸ்வரம் வந்துவிட்டது, அதில் கொஞ்சம் பொறாமை.

எடின்பரோவில் வாங்கி வந்த ஒரு சின்னப் புத்தகத்தைக் கொடுத்தேன். ஸ்டீவன்சன் குழந்தைகளுக்காக 1964இல் எழுதியது, ஸ்காட்ஸ் பேச்சு வழக்கில் தலைப்பு, பிள்ளைகள் வாசிக்கச் சில மெட்டுகள் என்று அர்த்தம். நாலே நாலு உருப்படி. தாலாட்டு மாதிரி ஒன்று, பைப்பின் ஒத்து மாதிரி ஒன்று, துள்ளல் நடனம் ஒன்று, இன்னொன்று. அவள் புரட்டிப் பார்த்தாள், ஈஸியாத்தான் இருக்கு என்றாள், மூடி வைத்துவிட்டாள்.

"மாமா, உங்க பேர்ல ஒரே ஒரு எழுத்துதான் இருக்கு."

"எது?"

"ஏ."

சரி, அதையே வாசி என்றேன். வாசித்தாள். முதலில் ஒரு விரலால், பிறகு இரண்டு கையாலும் மாறி மாறி, பிறகு பெடலை மிதித்துக்கொண்டு, மெதுவாக, வேகமாக. கால் மணி நேரம் ஆகியும் நிறுத்தவில்லை.

அடுப்படியிலிருந்து அக்கா குரல் வந்தது. "டேய், அவளுக்கு அடுத்த ஸ்வரத்தைச் சொல்லிக்கொடேன்."